கண்ணால் பார்த்தவர் யார்?

1999 கோடையில் திராஸில் இருந்த எனக்குத் துப்பாக்கியைவிட டைப்ரைட்டரோடுதான் உறவு அதிகம். பட்டாலியன் ஆபீஸ் கிளார்க். அதுவரை லீவு, சம்பளம், ரேஷன் கணக்கு என்று போன வேலை, மலைமேல் கார்கில் சண்டை தொடங்கியதும் மாறிவிட்டது. ஒரு பக்கம் இறந்தவர் வீட்டுக்குப் போகும் தகவல், மறுபக்கம் வீரப் பதக்கத்துக்கான பரிந்துரைக் குறிப்பான சைட்டேஷன். பாதிக்கு மேல் இரண்டிலும் ஒரே பெயர்.

ஊர் காலி. ஸ்ரீநகர்–லே சாலையைக் குறிவைத்து மேலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்ததால் ஜனங்கள் வீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நம் போஃபர்ஸ் பீரங்கி முழங்கும்போதெல்லாம் மேஜை அதிரும், அடித்த வரி கோணும். கோணல் காகிதம் மேலே போகக் கூடாது என்பார் எங்கள் அதிகாரி அட்ஜுடண்ட். திரும்ப அடிப்பேன்.

சைட்டேஷனில் அலங்காரத்துக்கு இடமில்லை. எந்த இடம், என்ன நேரம், எதிரி பங்கர் எவ்வளவு தூரம், இவர் என்ன செய்தார், அதனால் தாக்குதலுக்கு என்ன பலன், அவ்வளவுதான். கூடவே, நேரில் பார்த்தவரின் வாக்குமூலம். பிறகு பிரிகேடு, டிவிஷன், கோர், கமாண்ட், டில்லி என்று காகிதம் படியேறும். பரம் வீர் சக்ரா கேட்டுப் போனது மகா வீர் சக்ராவாகவோ, வீர் சக்ராவாகவோ, சேனா மெடலாகவோ இறங்கலாம். ஒன்றுமில்லாமலும் போகலாம்.

கையில் கட்டோடு ஒரு ஜவான் வந்தான். கூடப் போன நண்பனுக்காகச் சாட்சி சொல்ல வந்தவன்.

“பங்கர்கிட்ட அவன் தவழ்ந்து போனான் சாப். நான் பாறைக்குப் பின்னாடி.”

“கிரனேடு போட்டதைப் பார்த்தியா?”

“இருட்டு சாப். ரெண்டு தடவை வெடிச்சது. அப்புறம் அந்த மெஷின்கன் சுடலை.”

“பார்த்தியா, இல்லையா?”

அவன் பொய் சொல்லியிருக்கலாம். ‘பார்த்தேன்’ என்ற ஒரு சொல் போதும். சொல்லவில்லை. காகிதம் போனது, நேரடி சாட்சி எங்கே என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் செல்வாக்குள்ளவர்களின் மார்பெல்லாம் பதக்கமாகிவிடும். ஆனால் இரவில், பதினாறாயிரம் அடி உயரத்தில், செங்குத்துப் பாறையில் நடந்த சண்டைக்கு யார் சாட்சி நிற்பது?

யோகேந்திர சிங் யாதவின் கதையே இதற்குச் சான்று. ஜூலை 3 இரவு டைகர் ஹில்லில் ஏறிய 18 கிரனேடியர்ஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர். உடன் ஏறியவர்கள் மேலேயே சாய, பல குண்டுகள் பாய்ந்த உடம்போடு கீழே வந்து சேர்ந்தார். அவர் வராமல் போயிருந்தால் அங்கே நடந்ததைச் சொல்ல ஆள் ஏது? பரம் வீர் சக்ரா அறிவித்தபோது முதலில் மறைவுக்குப் பிந்தைய விருது என்றே சொன்னார்கள். ஆள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். கார்கில் போருக்கு அந்த விருது பெற்ற நால்வரில் அவரும் சஞ்சய் குமாரும்தான் பிழைத்தவர்கள். விக்ரம் பத்ராவும் மனோஜ் குமார் பாண்டேயும் மலையிலேயே போனவர்கள்.

தமிழ் ஜவான்கள் எங்கே சந்தித்தாலும் அப்போது ஒரே விசாரிப்பு: “சரவணன் சாப் உடல் கிடைச்சுதாண்ணே?” திருச்சிக்காரர், 1 பிஹார் ரெஜிமெண்ட் மேஜர். மே 29 அன்று பட்டாலிக்கில் விழுந்தவரின் உடலை மீட்க ஜூலை ஆனது. அவருக்கு வீர் சக்ரா. அவர் பெயரையாவது நம் ஊரில் நாலு பேர் அறிவார்கள்.

திராஸில் தோலோலிங் மலையடிவாரத்தில் இப்போது போர் நினைவகம் இருக்கிறது. போகிறவர்கள் பதக்கக்காரர்களின் படத்தோடு நின்று செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு சுவரும் இருக்கிறது. அந்தப் போரில் இறந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரின் பெயர்கள், பதக்கம் உண்டோ இல்லையோ, அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கையில் கட்டோடு வந்த அந்த ஜவானின் நண்பன் பெயரும் உண்டு. போனால் கொஞ்சம் நேரம் ஒதுக்கி அதையும் வாசியுங்கள்.