நாக்கு ஒரு பக்கம் சாய்ந்தால்

எங்கட சித்தப்பாவுக்கு வந்த வருத்தத்தின் பெயர் தாப்பியா சின்ட்ரோம். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஏழு கிழமை எடுத்தது. அதுவரைக்கும் அது தொண்டைப்புண், பாரிசவாதம், பயம், கண்ணூறு எண்டு ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு பெயரோடு இருந்தது.

சித்தப்பா மீன் சந்தையில் ஏலம் கூறுகிறவர். முப்பது வருசமாக விடியக் காலமை நாலரைக்கு எழும்பிப்போய், ஈரச் சீமெந்தில் குவிச்சுக் கிடக்கிற மீனுக்கு முன்னால் நின்று விலையைக் கூவுவார். பிழைப்பு அந்தத் தொண்டையில்தான். மோட்டார் சைக்கிளில் போகேக்க நாய் குறுக்கால வந்து விழுந்ததில் தோள் எலும்பு முறிஞ்சு, ஒப்பரேசன் செய்ய வேண்டி வந்தது. ஒப்பரேசன் நல்லபடியாக முடிஞ்சது, தோளும் பொருந்தினது. ஆனால் மயக்கம் தெளிஞ்சு எழும்பினவரால் கதைக்க முடியவில்லை. குரல் காற்றுப் போல வந்தது. சொற்கள், வாய்க்குள்ள பனங்கிழங்கை வைச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரி வந்தன.

"ரியூப் போட்டதால தொண்டை நொந்திருக்கும், ரெண்டு நாளில சரிவரும்" எண்டு வாட்டில் சொன்னார்கள். மூன்றாம் நாள் வெறுந்தேத்தண்ணி குடிக்கேக்க புரைக்கேறி மூச்சுத் திணறினது. நாக்கை நீட்டச் சொன்னால் அது இடப்பக்கம் சரிஞ்சுகொண்டு போனது. பாரிசவாதமோ எண்டு தலையை ஸ்கான் பண்ணினார்கள். ஒன்றுமில்லை. முகம் கோணவில்லை, கைகால் எல்லாம் நல்ல பலம். "போகப் போகச் சரிவரும்" எண்டு துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஏழாம் கிழமை வேறொரு இடத்தில் காது மூக்கு தொண்டை டொக்டர் ஒருவரிடம் போனோம். அவர் மூக்குக்குள்ளால சின்னக் கமராவை விட்டுப் பார்த்தார். இடப்பக்கக் குரல்நாண் அசையவில்லை. நாக்கும் இடப்பக்கம்தான் சாயுது. உள்ளண்ணம் மட்டும் ஒழுங்காக மேலே எழும்புது. "மயக்கம் குடுத்து ஒப்பரேசன் ஏதும் செய்தனீங்களோ?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஒரு துண்டில் அந்தப் பெயரை எழுதித் தந்தார்.

1904 இல் அன்ரோனியோ கார்சியா தாப்பியா என்ற ஸ்பானிய மருத்துவர் இதை முதலில் விவரித்திருக்கிறார். அவருடைய நோயாளி ஒரு காளைச் சண்டைக்காரர். காளையின் கொம்பு கீழ்த்தாடை மூலைக்குப் பின்னால் குத்தியதில், ஒரு பக்கத்து நாக்கும் அதே பக்கத்துக் குரல்நாணும் ஒன்றாகச் செயலிழந்திருந்தன. இன்றைக்கு இந்த நோய் வருகிறவர்களில் பலருக்குக் காரணம் மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டைக்குள் விடும் சுவாசக் குழாய். கொவிட் காலத்தில் வென்டிலேற்றரில் குப்புறப் படுக்க வைத்திருந்த சிலருக்கும் இது வந்ததாக மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகள் 12 சோடி. அதில் 12ஆவது நாக்கை அசைப்பது. 10ஆவது வேகஸ். அதன் ஒரு கிளைதான் குரல்நாணை அசைக்கிறது. இந்தக் கிளை போகும் வழி விசித்திரமானது. நேரே குரல்வளைக்குப் போகாமல் நெஞ்சுக்குள் இறங்கி, இடப்பக்கத்தில் பெருநாடியைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறி வருகிறது. இரண்டு நரம்பும் தொண்டைப் பக்கத்தில் கிட்டக் கிட்ட ஓடுகிற இடங்கள் உண்டு. சுவாசக் குழாயின் நுனியில், காற்று வெளியே கசியாமல் இருக்க ஊதி வைக்கும் சின்ன பலூன் ஒன்று இருக்கும். அதன் அழுத்தம் வழமையாக 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். அது கூடினாலோ, குழாய் ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டு கிடந்தாலோ, தலை கனநேரம் திரும்பியோ நிமிர்ந்தோ இருந்தாலோ இந்த நரம்புகள் நசியலாம், இழுபடலாம். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வருவதுண்டு.

நாக்கு ஏன் பழுதான பக்கத்துக்கே சாய்கிறது என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. வள்ளத்தில் வலப்பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும் அல்லவா? அதே கணக்குத்தான். வலப்பக்கத் தசை நாக்கை முன்னுக்குத் தள்ளுகிறது, இடப்பக்கம் சும்மா இருக்கிறது. இதைச் சொன்னபோது சித்தப்பா ஒப்பரேசனுக்குப் பிறகு முதல்தரமாகச் சிரிச்சார்.

பெயர் தெரிந்த பிறகுதான் பயிற்சி தொடங்கியது. தமிழ் கதைக்கிற பேச்சுச் சிகிச்சையாளர்கள் எங்கட நாட்டில் மிகக் குறைவு. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அதற்கென்று பட்டப்படிப்பே இருக்கிறது, ஆனால் அதை முடிச்சு வெளியே வருகிற தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான். இது சின்னக் குறை இல்லை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ செய்கிற பயிற்சியில் ழகரத்தை எங்கே தேடுவது? தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. எழுத்துகள் பிறக்கிற இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டை அது சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கினதை, சித்தப்பாவின் வாயைப் பார்த்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன். இதழில் பிறக்கிற பகரமும் மகரமும் அவருக்குத் தப்பியிருந்தன. நாநுனி சரியான இடத்தில் தொட வேண்டிய ர, ற, ட, ள, ழ எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைஞ்சு போயிருந்தன.

எங்களுக்குக் கிடைத்த அக்கா நல்லவ. "உங்களுக்கு அடிக்கடி தேவைப்படுற சொல் எல்லாத்தையும் எழுதிக்கொண்டு வாங்கோ அங்கிள்" எண்டு சொன்னா. சித்தப்பா கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க மீன்பெயர் எழுதிக்கொண்டு போனார். பாரை, சூடை, ஓரா, விளைமீன், திருக்கை, கணவாய், அறுக்குளா. அடுத்த பக்கத்தில் எண்கள். ஏலத்தில் ஏழும் எட்டும் மாறிக் கேட்டால் காசு மாறும், சண்டை வரும். அவருடைய முதல் பயம் அதுதான்.

சாப்பாட்டுக்கும் புதுப் பழக்கம் வந்தது. தண்ணிதான் கட்டியான சாப்பாட்டைவிட ஆபத்து. அது வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் தண்ணியைக் கொஞ்சம் தடிப்பாக்கிக் குடுக்க வேண்டும். தலையைப் பழுதான பக்கம் திருப்பிக்கொண்டு விழுங்கினால் அந்தப் பக்கம் மூடுப்பட்டு, சாப்பாடு நல்ல பக்கத்தால் இறங்கும். சாப்பிட்டு முடிய இடப்பக்கக் கன்னத்துக்குள் சோறு தேங்கி நிற்கும், விரலால் எடுக்க வேண்டும். கலியாண வீடுகளுக்குப் போறதை அவர் விட்டதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அவரைக் கூடுதலாகக் களைக்கப் பண்ணினது நரம்பு இல்லை, சனம். ஒருநாள் பஸ்ஸில் இடம் சொல்லி ரிக்கெற் கேட்டவரைப் பார்த்து, "விடியவே போட்டிட்டார் போல" எண்டு பின்னால் ஒரு குரல். சித்தப்பா வாழ்நாளில் குடிச்சதில்லை. வங்கியில் அவர் முன்னுக்கு நிற்க, கவுண்டரில் இருந்தவர் சித்தியைப் பார்த்து "ஐயாவுக்கு என்ன வேணுமாம்?" எண்டு கேட்டார். சித்தப்பா பேனையை வாங்கி, பணம் எடுக்கிற துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் குடுத்தார்: "காது கேக்கும். அறிவும் இருக்கு." கனடாவிலிருந்து மச்சான் கோல் எடுத்தால் போனைச் சித்தியிடம் நீட்டிவிடுவார். சொந்தக்காரர் அவரோடு கதைக்கேக்க சத்தத்தைக் கூட்டி, குழந்தைப்பிள்ளையோடு கதைக்கிற மாதிரிச் சொற்களை வெட்டி வெட்டிக் கதைப்பார்கள். நாக்குப் பிசகினால் மூளையும் பிசகிவிட்டது என்று நினைக்கிற பழக்கம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது.

வீட்டில் வழக்குப் போடுவதா என்றொரு விவாதமும் நடந்தது. சித்தப்பா மறுத்துவிட்டார். அவருடைய கோபம் நரம்பு நசிஞ்சதில் இல்லை. ஒப்பரேசனுக்கு முதல் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினவர்களில் ஒருவர்கூட, குரலுக்கும் ஆபத்து வரலாம் என்று ஒரு வசனம் சொல்லவில்லை. வந்த பிறகும், இது என்ன என்று தேட ஒருவரும் மினக்கெடவில்லை. "தெரியேல்லை எண்டு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, ஒண்டுமில்லை எண்டு சொன்னவங்கள்" எண்டு எனக்கு எழுதிக் காட்டினார். அந்த வித்தியாசம் பெரியது. ஒன்றுமில்லை என்று சொன்னபடியால்தான் ஏழு கிழமைப் பயிற்சி வீணாகப் போனது.

இந்த நோயில் பலருக்குச் சில மாதங்களில் நாக்கும் குரலும் திரும்புகின்றன. சிலருக்கு அரைகுறையாக நின்றுவிடுகிறது. சித்தப்பாவுக்கு இப்போது பதினாலு மாதம். குரல் முக்கால்வாசி வந்துவிட்டது. நாக்கின் இடப்பக்கம் சுருங்கி வரிவரியாக இருக்கிறது, இன்னும் சாயத்தான் செய்கிறது. ஏழும் எட்டும் இப்ப தெளிவு. அறுக்குளாதான் மல்லுக்கட்டுது. சந்தைக்குத் திரும்பிவிட்டார், ஆனால் ஏலம் கூறுவது வேறொரு பெடியன். இவர் பக்கத்தில் நின்று கணக்கு எழுதுகிறார். கூட்டம் குறைஞ்ச நாளில் கடைசிக் குவியல் ஒன்றிரண்டை அவரே கூறுவாராம். அந்தப் பெடியன் சொன்னான்.

இதை வாசிக்கிற உங்களுக்கு இரண்டு விசயம். வீட்டில் யாருக்காவது முழு மயக்கத்தில் ஒப்பரேசன் என்றால், குரலுக்கும் விழுங்குவதற்கும் என்ன ஆபத்து வரலாம் என்று முதலே கேளுங்கள். முடிஞ்ச பிறகு குரல் அடைப்பும் நாக்குச் சாய்வும் ஒன்றாகத் தெரிந்தால், தொண்டை நோவு என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை டொக்டரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மற்றது, சொல் குழறுகிற ஒருவரைக் கண்டால் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். விளங்கவில்லையென்றால் விளங்கினமாதிரித் தலையாட்டாமல், "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று சொல்லுங்கள். சித்தப்பா எத்தனை தரமும் திருப்பிச் சொல்லுவார்.