நூல் இருக்கிறதா என்று பார்

பொத்தேரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. அன்றைக்கு போனில் "அக்கா, இந்த காப்பர்டி..." என்று ஆரம்பித்து, சட்டென்று "மாமா நல்லா இருக்காரா?" என்று பேச்சை மாற்றினாயே, உன் மாமியார் பக்கத்தில் வந்துவிட்டார் என்று அப்போதே புரிந்துகொண்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் உன் போனை அந்த வீட்டில் எல்லாருமே எடுக்கிறார்கள். அதனால்தான் பேப்பரும் பேனாவும். செவ்வாய்க்கிழமை அம்மா வளைகாப்புப் புடவையோடு வருகிறாள். புடவையின் இரண்டாவது மடிப்பில் இது இருக்கும்.

பிரசவம் ஆனதும் போட்டுக்கொள்கிறாயா என்று செக்கப்பில் நர்ஸ் கேட்டதாகச் சொன்னாய். முன்கூட்டியே கேட்டாரே, அதற்கே அவருக்குக் கும்பிடு போடலாம். என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு இதெல்லாம் தெரியாது.

2014ல் பெரியவன் பிறந்தபோது, வலியின் நடுவில் யாரோ ஏதோ சொன்னார்கள். நான் தலையாட்டினேனா என்றுகூட நினைவில்லை. வெளியே உன் மாமாவிடம் இரண்டு மூன்று பேப்பரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவரும் படித்துப் பார்க்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று உனக்குத் தெரியும், இதில் எழுத வேண்டாம்.

பையனுக்கு ஏழு மாசம் ஆகும்போது எனக்கு மறுபடி பீரியட்ஸ் வந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மூன்று நாள் கணக்குதான் எனக்கு. அது எட்டு, ஒன்பது நாள் ஆனது. கட்டி கட்டியாகப் போனது. அடிவயிற்றைத் துணி பிழிவதுபோலப் பிழிந்தது. சானடோரியம் கம்பெனியில் அப்போதுதான் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு ஷிப்டில் எத்தனை தடவை சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு எழுந்து போவது? ஒரு நாள் சாயங்கால ரயிலில் பொத்தேரியில் இறங்க எழுந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "திரும்பாதம்மா, இதச் சுத்திக்க" என்று தன் தோள்துண்டைக் கொடுத்தார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி, காலேஜ் பிள்ளைகள் கும்பலாக நிற்கிற டீக்கடைகளை ஒட்டியே வீடு வந்து சேர்ந்தேன். துண்டைத் துவைத்து மடித்து ஒரு மாசம் பையிலேயே வைத்திருந்தேன். அந்த அம்மாவை மறுபடி பார்க்கவே இல்லை.

அத்தை, "உடம்புச் சூடுடி, வெந்தயத்த ஊறவெச்சுக் குடி" என்றார். நான்கு மாசம் குடித்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. கடைசியில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "காப்பர்டி சரியான எடத்துலதான் இருக்கு. எப்ப போட்டீங்க?" என்றார்.

"யாருக்கு மேடம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ரத்த அளவு 7.8. வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பி.பி.ஐ.யு.சி.டி. என்று எழுதியிருந்தது. அந்த ஆறு எழுத்துக்குப் பிரசவம் ஆனதும் வைக்கிற காப்பர்டி என்று அர்த்தமாம். ஒரு வருஷம் அந்தச் சீட்டும் வீட்டில் இருந்தது, அதுவும் எனக்குள் இருந்தது.

எடுக்கப் போனால் அது வேறு பாடு. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்றார்கள். கூட்டிக்கொண்டு போனேன். "அடுத்தது மூணு வருஷம் கழிச்சுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்கள். மூன்று நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். கடைசியில் அந்த கிளினிக் டாக்டரம்மாதான் எடுத்தார். "ஒரு தடவை இருமுங்க" என்றார், இருமி முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டது. தட்டில் கிடந்ததைப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் துண்டு, அதில் சுற்றின செம்புக் கம்பி. இதுக்கா இவ்வளவு என்று இருந்தது.

இதைப் படித்துவிட்டு வேண்டவே வேண்டாம் என்று நீ முடிவுகட்டிவிடக் கூடாது. ஏனென்றால் இப்போதும் எனக்குள் ஒன்று இருக்கிறது.

சின்னவள் 2018ல் பிறந்தாள். அடுத்த பிப்ரவரியில் நானாகவே போய்க் கேட்டுப் போட்டுக்கொண்டேன். உன் மாமாவுக்கே ஆச்சரியம். மாத்திரை எனக்கு மறந்துபோகும். ஆப்பரேஷனுக்கு மனசு வரவில்லை. (ஆம்பளைக்கும் ஆப்பரேஷன் உண்டு, சின்ன வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். எந்தப் பிரசவ வார்டிலும் யாரும் அதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை.) இந்தத் தடவை டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். 380ஏ என்கிற வகை, பத்து வருஷம் தாங்கும். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விந்தணுவை நகரவிடாமல் செய்துவிடும். ஹார்மோன் கிடையாது, அதனால் தாய்ப்பாலுக்கு ஒன்றும் ஆகாது. நூறு பேர் போட்டால் ஒரு வருஷத்தில் ஒருத்திக்குக்கூடத் தவறுவது அரிது. ஆனால் முதல் மூன்றிலிருந்து ஆறு மாசம் ரத்தப்போக்கும் வலியும் கூடும் என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தை 2014ல் கிடைத்திருந்தால் நான் வெந்தயம் குடித்துக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

சொன்னபடியே நான்கு மாசம் படுத்தியது. இரும்புச்சத்து மாத்திரையை முன்னாடியே ஆரம்பித்திருந்தேன், முருங்கைக்கீரையும் விடவில்லை. காலண்டரில் தேதி குறித்துவைத்தேன். ஐந்தாம் மாசத்திலிருந்து ஐந்து நாளில் நிற்கிறது. பழைய மூன்று நாள் திரும்பி வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். உன் மாமா முதல் மாசம் "ஏதோ குத்துது" என்றார். அது நூல். டாக்டரம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன், சிரித்துவிட்டுக் கொஞ்சம் கத்தரித்துவிட்டார்.

ஆயா சொல்வாளே, ஞாபகம் இருக்கிறதா, "லூப்பு நெஞ்சுக்கு ஏறிடும்" என்று? அவள் பார்த்தது 1965ல் நம் நாட்டுக்கு வந்த லிப்பீஸ் லூப்பு, பாம்புபோல வளைந்த வெறும் பிளாஸ்டிக். கணக்குக்காக ஊர் ஊராகப் போட்டார்கள், ரத்தம் போகிறது என்று வந்தவர்களைக் கவனிக்க ஆள் இல்லை. பயம் சும்மா வரவில்லை. ஆனால் கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. ஆயிரத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுப் பக்கம் போகலாம். அதைவிட அதிகமாக நடப்பது தானாகக் கீழே நழுவி விழுவது. பிரசவத்தோடு போட்டால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். நாம் கவனிக்காமலே விழுந்துவிட்டால், இருக்கிறது என்று நம்பிக்கொண்டே அடுத்த பிள்ளை உண்டாகிவிடும். அதனால் ஆறாவது வாரம் செக்கப்புக்குக் கட்டாயம் போ. பிறகு மாசம் ஒரு தடவை, தலைக்குக் குளிக்கிற அன்றைக்கு, கையைக் கழுவிவிட்டு விரலால் நூல் இருக்கிறதா என்று பார். பிரசவத்தோடு போட்டால் நூல் கீழே இறங்கக் கொஞ்ச வாரம் ஆகும், அதற்குள் பயந்துவிடாதே. காய்ச்சலோடு அடிவயிற்று வலி, கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போவது, இதில் எது வந்தாலும் அத்தை வைத்தியம் வேண்டாம், அன்றைக்கே போய்க் காட்டு.

உனக்கு ஏற்கெனவே பீரியட்ஸ் அதிகம், வயசுக்கு வந்ததிலிருந்தே ரத்தம் குறைவு. அதை மறக்காமல் டாக்டரிடம் சொல். ஹார்மோன் வைத்த மிரீனா என்று ஒன்று உண்டு, அதில் போக்கு குறையும், ஆனால் வெளியில் போட்டால் சில ஆயிரம் ஆகும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். என்னைக் கேட்டால் நீ பிரசவத்தோடு போடாமல், ஆறு வாரம் போகட்டும், உடம்பு தேறட்டும் என்பேன். ஆனால் ஆறு வாரம் கழித்து உன்னை அந்த வீட்டிலிருந்து யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று யோசித்தால், அப்போதே போட்டுக்கொள்வதும் தப்பில்லை என்று தோன்றுகிறது. நீதான் முடிவு பண்ண வேண்டும். எதுவானாலும் வலி எடுப்பதற்கு முன்னாடியே சொல்லிவிடு. உன் வீட்டுக்காரரிடமும் சொல்லிவை, எந்தப் பேப்பர் நீட்டினாலும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல். போட்டால் தேதி எழுதின அட்டையைக் கேட்டு வாங்கு. பிடிக்கவில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதற்கு யார் கையெழுத்தும் தேவையில்லை. முரண்டு பிடித்தால் எனக்குச் சொல், நான் வந்து பேசுகிறேன்.

என் அட்டையில் 2029 பிப்ரவரி என்று இருக்கிறது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டு "என்னம்மா இது, கேஸ் புக்கா?" என்கிறாள்.

அம்மாவிடம் முறுக்கும் கொடுத்திருக்கிறேன், எல்லாருக்கும் கொடுத்துவிட்டு உனக்கும் நாலு எடுத்துவை. படித்ததும் இதைக் கிழித்துவிடு. அடுத்த செக்கப் தேதியை மட்டும் அனுப்பு, அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா