எக்ஸ்பயர்டு, ப்ரீபோன், கோ-சிஸ்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

'நாம் தப்பாகப் பேசும் ஆங்கில வார்த்தைகள்' என்று ஒரு பட்டியல் இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். "டீச்சர், இதையெல்லாம் கேட்டால் உங்களுக்கு எரிச்சலாக வருமே?" என்று ஒருவன் கேட்டிருந்தான். வரும்தான். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கிற எல்லாவற்றுக்கும் வராது.

முதலில் ப்ரீபோன். கூட்டத்தைத் தள்ளிவைத்தால் போஸ்ட்போன், முன்னால் கொண்டுவந்தால் ப்ரீபோன். இங்கிலாந்துக்காரர் 'பிரிங் ஃபார்வர்டு' என்று இரண்டு சொல் போட்டுச் சொல்வதை நாம் ஒன்றில் முடித்துவிடுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்ட சொல் அது. விண்ணப்பத்தின் கடைசியில் 'டூ த நீட்ஃபுல்' என்று எழுதுவதையும் கேலி செய்கிறார்கள். அதை நாமா கண்டுபிடித்தோம்? வெள்ளைக்காரன் தன் கடிதங்களில் எழுதியதுதான். அவன் ஊரில் வழக்கொழிந்துபோனது, நம் தாலுகா ஆபீசில் இன்னும் பிழைத்துக்கிடக்கிறது. பழைய சரக்கு, அவ்வளவுதான்.

'காலேஜ் பாஸ்டு அவுட்' என்றால் வெளிநாட்டில் மயங்கி விழுந்ததாக நினைப்பார்களாம். பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்புக்கு 'பாசிங் அவுட் பரேடு' என்றுதான் பெயர். அங்கே யாரும் மயங்கி விழுவதற்காகப் போவதில்லை. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று எழுதிவிடுங்கள், வம்பில்லை.

சில பிழைகள் தமிழ் வழியாக வருகிறவை. 'இன்றைக்கே' என்பதில் இருக்கும் ஏகாரத்தை ஆங்கிலத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால்தான் 'டுடே இட்செல்ஃப்'. 'பற்றி விவாதித்தோம்' என்பது 'டிஸ்கஸ்டு அபவுட்' ஆகிறது. அந்த அபவுட்டை அடித்து அடித்தே எத்தனை சிவப்புப் பேனா தீர்ந்திருக்கும்! அது பிழைதான், தேர்வில் மதிப்பெண் போகும். ஆனால் கேட்பவருக்குப் பொருள் புரியாமல் போவதில்லை.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் இப்படித்தான் அடித்துக்கொள்கிறார்கள். 'லிட்டரலி' என்ற சொல்லைச் சும்மா அழுத்தத்துக்குப் போடுகிறார்கள் என்று அங்கே பெரிய புலம்பல். மார்க் ட்வைனே தன் டாம் சாயர் கதையில் அப்படிப் போட்டிருக்கிறார். யார் அவரைத் திருத்தினார்கள்?

இனி நான் சொல்லவந்த விஷயம். நம் பழைய மாணவர் குழுக்கள் ஒன்றில் போன மாதம் ஒரு பையன் (நாற்பது வயதாகிறது, எனக்குப் பையன்தான்) விடியற்காலையில் 'மை ஃபாதர் எக்ஸ்பயர்டு' என்று போட்டான். பத்தே நிமிடத்தில் ஒருவர், "எக்ஸ்பயரி எல்லாம் மாத்திரைக்கு. மனிதருக்கு பாஸ்டு அவே" என்று திருத்தம் போட்டார். அதற்கு இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை வேறு. அவன் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் குழுவைவிட்டே போயிருந்தான்.

எக்ஸ்பயர் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு 'மூச்சை வெளியே விடுதல்' என்று பொருள். கடைசி மூச்சை விட்டார் என்று நாம் சொல்கிறோமே, அதேதான். இறத்தல் என்ற பொருள் இன்றைக்கும் ஆங்கில அகராதியில் இருக்கிறது. மாத்திரை அட்டைக்கு அந்தச் சொல் வந்தது ரொம்பப் பின்னால். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் டாக்டரும் நர்சும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்று அதைக் கேட்டவன், கேட்டபடியே எழுதியிருக்கிறான். அவன் வீட்டில் ஆங்கிலம் எழுதப் படித்த முதல் ஆள் அவன்தான்.

சரி, அது தப்பான சொல்லாகவே இருக்கட்டும். அந்த நேரத்தில் கண்ணில் படவேண்டியது அதுவா? சிரித்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பரவாயில்லை, இன்றைக்காவது அவனுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள். ஆங்கிலத்தில் வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது, பொருள் புரண்டு யாருக்காவது சேதம் வருகிற இடத்தில். 'ரிவர்ட்' என்பதைப் 'பதில் சொல்கிறேன்' என்ற பொருளில் எல்லோரும் எழுதுகிறீர்கள். பழைய நிலைக்குத் திரும்புவதுதான் ரிவர்ட். நம் மாணவி ஒருத்தி சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். செய்து கொடுத்த மாற்றம் பற்றி வெளிநாட்டு வாடிக்கையாளர் ஏதோ கேட்க, 'மாலைக்குள் ரிவர்ட் செய்கிறேன்' என்று எழுதியிருக்கிறாள். செய்ததையெல்லாம் அழிக்கப்போகிறாள் என்று அவர் பதறிப்போய் அர்த்தராத்திரியில் கூப்பிட்டாராம். 'ரிப்ளை' என்ற சின்னச் சொல் இருக்கும்போது எதற்கு இந்த வேலை?

'ஐ ஹேவ் எ டவுட்' என்பதும் அப்படித்தான். தமிழில் சந்தேகம் என்றால் பாடத்தில் புரியாததும் சந்தேகம், ஆள்மேல் நம்பிக்கை இல்லாததும் சந்தேகம். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு இரண்டாவதுதான் காதில் விழும். அங்கே படிக்கப்போகிற பிள்ளைகள் 'கொஸ்டின்' என்றே சொல்லுங்கள்.

பட்டியலின் கடைசியில் கசின் பிரதர், கோ-பிரதர், கோ-சிஸ்டர் மூன்றையும் போட்டு, மேலே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. இதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. ஆங்கிலத்தில் பெரியப்பா மகனும் கசின், தாய்மாமன் மகனும் கசின். நம் வீட்டில் ஒருவன் அண்ணன், இன்னொருவன் முறைப்பையன். என் தங்கை மகள் ஒருவனைக் காட்டி 'கசின் பிரதர்' என்றால், 'இவன் எனக்கு அண்ணன் முறை, நீங்கள் வேறு கணக்குப் போடாதீர்கள்' என்று சொல்கிறாள். எவ்வளவு பெரிய செய்தி! அதேபோல மைத்துனரும் சகலையும் அக்கா வீட்டுக்காரரும் ஆங்கிலத்தில் ஒரே பிரதர்-இன்-லா. கல்யாண வீட்டில் இந்த மூவரையும் ஒரே மாதிரி வரவேற்றுப் பாருங்கள், அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியிலேயே பஞ்சாயத்து நடக்கும்.

என் ஓரகத்தியை முப்பத்தெட்டு வருடமாக அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். சென்ற வருடம் அவருக்காக ஒரு பாரம் நிரப்பினேன். உறவுமுறை என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். சிஸ்டர் என்று எழுத மனம் வரவில்லை. சிஸ்டர்-இன்-லா என்றால் நாத்தனாரா, அண்ணியா, ஓரகத்தியா என்று தெரியாது. கோ-சிஸ்டர் என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.