மாமி வீட்டுத் திண்ணை



எங்கள் தெருவில் வீடுகள் பல உண்டு. ஆயினும், அசர் நேரத்திற்குப் பின் பெண்கள் கூடிப் பேசுவது ஏதேனும் ஒரு வீட்டில்தான். என் சிறு வயதில் அது எங்கள் மாமி வீடாக இருந்தது. ஒரு சமயம் எதிர்வீட்டிற்குப் புது மருமகள் வந்தாள். அவளைக் காண ஒருத்தி போனாள். போனவளைத் தேடி இன்னொருத்தி போனாள். ஒரு மாதம் கழிந்தபோது மாமி மட்டும் தம் திண்ணையில் தனியே அமர்ந்திருந்தார்கள். அத்திண்ணையில் எந்தக் குறையும் இல்லை. ஆள்தான் இல்லை.

சமூக வலைத்தளங்களின் கதையும் இதுவே என்பதை நான் என் சொந்த அனுபவத்தில், சற்றுத் தாமதமாகவே, உணர்ந்தேன்.

தங்களில் பலருக்கு ஆர்க்குட் என்ற பெயர் நினைவிருக்கும். கூகுள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் உருவாக்கி, அவர் பெயராலேயே 2004 ஜனவரியில் வெளிவந்த தளம் அது. இந்தியாவிலும் பிரேசிலிலும் அது பெற்ற வரவேற்பு மிகப் பெரிது. அதற்கு அடுத்த மாதம் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஃபேஸ்புக், 2006 செப்டம்பரில்தான் 13 வயது நிரம்பிய யாவருக்கும் திறந்துவிடப்பட்டது.

2007இல் நான் ஆர்க்குட்டில் சேர்ந்தேன். கணவர் வளைகுடாவில், வீட்டில் புதிதாக வாங்கிய கணினி. பள்ளியில் என்னுடன் ஒரே பலகையில் அமர்ந்து படித்த தோழியை, பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கேதான் கண்டுபிடித்தேன். தொலைவில் ஓர் ஊருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். 'ஸ்கிராப்' என்னும் குறிப்புப் பகுதியில் அவள் எழுதுவாள்; நான் பதில் எழுதுவேன். பிள்ளைகளின் காய்ச்சல் முதல் பெருநாள் பலகாரம் வரை எல்லாம் அதில் இருக்கும்.

2010இல் என் தம்பி சொன்னான்: "லாத்தா, எல்லோரும் ஃபேஸ்புக்கிற்குப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் ஏன் இங்கே இருக்கிறீர்கள்?"

நானும் போனேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றே எண்ணினேன்.

ஆர்க்குட் மூடப்படப்போகிறது என்ற அறிவிப்பு 2014இல் வந்தபோது, பழைய புகைப்படங்களை எடுத்து வைக்கலாமென்று உள்ளே நுழைந்தேன். தோழி எழுதிய ஏழு குறிப்புகள் எனக்காகக் காத்திருந்தன. அவற்றுள் ஒன்று: "வாப்பா மவுத்தாகிவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது." அதன்பின் ஒரு மாதம் கழித்து, "நலம்தானே?" என்ற ஒரு வரி. அத்துடன் நின்றுவிட்டது. தேதியைப் பார்த்தேன். மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

அவளுடைய வாப்பா எனக்கும் மிட்டாய் வாங்கித் தந்தவர்கள். நான் ஒரு சொல் ஆறுதல் கூறவில்லை. அவளுடைய தொலைபேசி எண்ணைக்கூட நான் எழுதி வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மனிதர்கள் ஏன் இப்படி இடம் மாறுகிறார்கள்? நான் சிந்தித்துப் பார்த்தவரை, இத்தகைய தளங்களின் உண்மையான செல்வம் அவற்றில் உள்ள மனிதர்களே. நம்மவர் பத்துப் பேர் போய்விட்டால், எஞ்சியிருப்போர் அங்கு வருவதற்கான பத்துக் காரணங்களும் போய்விடுகின்றன. மைஸ்பேஸ் என்ற தளத்தைத் தன்வசம் கொண்டிருந்த நிறுவனத்தை நியூஸ் கார்ப்பரேஷன் 2005இல் 58 கோடி டாலருக்கு வாங்கிற்று; 2011இல் மைஸ்பேஸ் ஏறத்தாழ 3.5 கோடி டாலருக்குக் கைமாறிற்று. கூட்டம் கலைந்ததும் மதிப்பும் கரைந்துவிட்டது. மாறாக, கூகுள் 2011இல் கட்டிய கூகுள் பிளஸ், வசதிகள் பல இருந்தும், 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. வீடு இருந்தது, உறவுகள் குடியேறவில்லை.

சில வேளைகளில் வீட்டுக்காரரின் புதிய நிபந்தனைகள் நம்மை விரட்டும். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றப்போவதாக அறிவித்ததும், பலர் சிக்னலையும் டெலிகிராமையும் நாடினர். என் கைபேசியிலும் இரண்டையும் ஏற்றினேன். ஆனால், குடும்பக் குழு பழைய இடத்திலேயே இருந்தது. நானும் அங்கேயே இருந்துவிட்டேன். சில வேளைகளில் அரசே கதவை அடைத்துவிடும். 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது அவ்வாறே.

இன்னொரு காரணத்தை என் மகள் கற்பித்தாள். ஃபேஸ்புக் பக்கமே அவள் போவதில்லை. ஏனென்று கேட்டேன். "அங்கே மாமிமார்கள் எல்லாம் இருக்கிறார்களே, உம்மா!" என்றாள். சிரித்துவிட்டேன். பெரியவர்கள் நுழைந்ததும் இளையவர்கள் வெளியேறுவது திண்ணைக் காலத்திலும் இருந்த வழக்கம்தானே?

தோழியின் கதையை முடிக்காமல் விட்டால் தாங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். எங்கள் ஊரில் இருந்த அவளுடைய தாய்மாமன் வீட்டிற்குச் சென்று, எண்ணைப் பெற்று, அன்று இரவே பேசினேன். அவள் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ, "நான் எழுதிய ஏதோ ஒன்று உன்னை வருத்திவிட்டதோ என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்" என்றாள். குற்றம் என்னுடையது, அதை மூன்றாண்டுகள் சுமந்தவள் அவள்.

ஆகவே, அன்புச் சகோதரிகளே, இடம் மாறுங்கள். அதில் தவறொன்றும் இல்லை. இன்றைய தளமும் நாளை பழையதாகும். ஆனால், கிளம்புமுன் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். யாரேனும் தனியே அமர்ந்திருந்தால், "நான் இன்ன இடத்திற்குப் போகிறேன், என் எண் இது" என்று சொல்லிவிட்டுப் போங்கள். வேண்டியவர்களின் எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

நான் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இருப்பது அவளுடைய எண்.