லீவு லெட்டரும் வாட்ஸ்அப் குரூப்பும்

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். புதன்கிழமை காலை படகேறியவன், வியாழன் காலைதான் கரை திரும்புவான். அவன் போன சற்று நேரத்தில் அவளுக்கு வயிற்று வலி தொடங்கியது. தனியாகவே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு மாதக் கரு கலைந்துவிட்டது. நடுக்கடலில் போனுக்கு சிக்னல் ஏது? அவனிடம் சொல்ல வழியில்லை.

அறந்தாங்கியில் ஒரு கடையில் அவள் கணக்கு எழுதுகிறாள். மேனேஜரிடம் மட்டும் போனில் சொன்னாள். கர்ப்பமாக இருந்ததே கணவன், மனைவி இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். மூன்று மாதம் ஆனதும் பெரியவர்களிடம் சொல்லலாம் என்று இருந்தார்கள்.

"உடம்பைப் பார்த்துக்கம்மா" என்றார் மேனேஜர். ஐந்து நிமிடத்தில் கடை வாட்ஸ்அப் குரூப்பில் அவள் பெயரைப் போட்டு, "கரு கலைஞ்சிடுச்சு, லீவு. அவங்க வேலையைப் பிரிச்சுப் பாருங்க" என்று எழுதினார். கீழே வரிசையாகக் கண்ணீர் பொம்மைகள்.

குரூப்பில் இருந்த ஒருவரின் அண்ணன் ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலம் எடுப்பவர். மறுநாள் படகிலிருந்து இறங்கியவனின் தோளைத் தட்டி, "விடு மாப்ள, அடுத்தது நல்லபடியா நிக்கும்" என்றார். புரிந்ததும், மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் வார்த்தை தேடியவள், அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்டாள்: "எனக்கு முன்னாடி ஊரு சொல்லிடுச்சா?"

கருச்சிதைவுக்கு 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்துவிட்டது. அதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பதால், நிர்வாகத்துக்குக் காரணம் தெரியத்தான் வேண்டும். கூட வேலை செய்பவர்களுக்கு? யார் வரவில்லை, எத்தனை நாள், அந்த வேலையை யார் பார்ப்பது... இந்த மூன்றும் போதும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். தனியார் நிறுவனங்களின் கையில் இருக்கும் நம் தகவலுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று 2023-ல் தனிச் சட்டமே வந்தது.

விடுப்பு முடிந்து போன முதல் நாளே அவள் மேனேஜர் முன் நின்றாள்.

"எல்லாரும் உதவட்டும்னுதாம்மா போட்டேன்."

"தெரியும் சார். ஆனா நான் உங்ககிட்டதான் சொன்னேன். நீங்க சொன்னதை என் வீட்டுக்காரர் துறையில நின்னு கேட்டார்."

அவர் பதில் பேசவில்லை. அன்று மாலையே அந்தப் பதிவை நீக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்குள் ஒரு மாதம் ஓடியிருந்தது, ஊருக்கே தெரிந்திருந்தது.

அடுத்த மாதம் பில் போடும் பையன் விடுப்பு எடுத்தான். குரூப்பில் வந்தது ஒரே வரி: "ஒரு வாரம் லீவு. பில்லிங்கை நான் பார்த்துக்கறேன்."

என்ன காரணம் என்று யாரோ கேட்டார்கள். மேனேஜர் பதில் போடவில்லை.