தொண்டையில் ஒரு கல்!

கிட்னியில் கல் என்று சொல்லுங்கள், வாழைத்தண்டு ஜூஸ் சிபாரிசோடு நாலு பேர் ஓடி வருவார்கள். தொண்டையில் கல் என்று சொல்லிப் பாருங்கள்... ‘காலங்காத்தால ஜோக்கா சார்?’ என்பார்கள்.

ஜோக் இல்லை. போன வருஷம் எனக்கே வந்தது. இருமும்போது அரிசி நொய் சைஸில் மஞ்சளாக ஒன்று வந்து விழுந்தது. நசுக்கிப் பார்த்தேன். அழுகின முட்டை தோற்றது போங்கள்! எல்.ஐ.சி. பாலிசியை எடுத்துத் தேதி பார்த்தேன் என்றால் என் பயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துச் சிரித்தார். “டான்சில் கல்லு தம்பி! டான்சில்ல சின்னச் சின்னப் பொந்து உண்டு. சாப்பாட்டுத் துணுக்கு, செத்த செல், பாக்டீரியா எல்லாம் அதுல போய் அடையும். மேல கால்சியம் படிஞ்சா கல்லு.”

நாற்றம்? அந்த பாக்டீரியா விடுகிற கந்தக வாயுக்கள். அதில் ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டையில் வருகிற அதே சரக்கு! பி.காம். மூக்கு கெமிஸ்ட்ரியில் பாஸ்.

பெரும்பாலும் ஆபத்தில்லாத கல். விழுங்கும்போது ஏதோ சிக்கின மாதிரி உறுத்தும். சிலருக்குக் காது வலிக்கும், இரண்டுக்கும் நரம்பு ஒரே லைன் என்பதால். மனசைத்தான் ரொம்பப் படுத்தும். பாங்க்கில் வேலை பார்க்கும் என் நண்பன், பெண் பார்க்கப் போன இடத்தில் “பொண்ணுகூட தனியா பேசுறீங்களா?” என்று கேட்டதும், “வேண்டாம்” என்று எழுந்து வந்துவிட்டான். திமிர் பிடித்தவன் என்று இடம் தட்டிப்போயிற்று. நிஜமான காரணம் வாய் நாற்றம். மூன்று வேளை பிரஷ், ஏலக்காய் எல்லாம் பார்த்தாயிற்று. பல்லில் இருந்தால்தானே போவதற்கு!

அவனையும் அதே டாக்டரிடம் இழுத்துப் போனேன். அதே கல்! “ஊக்கால நோண்டி எடுத்துடட்டுமா சார்?” என்றான். டாக்டர் பதறிவிட்டார். டான்சிலில் ரத்த ஓட்டம் அதிகம், குத்தினால் கொட்டுமாம். சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொண்டை வரை கொப்பளிக்கச் சொன்னார். நாக்கையும் வழிக்கணும். முக்கால்வாசி தானாகவே வந்துவிடும். ஓயாத தொல்லை என்றால்தான் டான்சிலையே எடுக்கிற ஆபரேஷன். ஆனால் ஒரு பக்க டான்சில் மட்டும் பெருத்தாலோ, ரத்தம் வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

நண்பன் இப்போது டிராயரில் உப்பு டப்பா வைத்திருக்கிறான். வருகிற ஞாயிறு காஞ்சிபுரத்தில் பெண் பார்க்கிறான். தனியாகப் பேச பத்து நிமிஷம் அவனே கேட்டு வாங்கியிருக்கிறான். சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்ட கையோடு அந்த வீட்டில் எங்கே போய்க் கொப்பளிப்பது என்பதுதான் இப்போதைய கவலை!