லோன் ராக் கரையில் நகராத அறை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் என்ற சிற்றூரிலிருந்து 89ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்கே 15 கிலோமீட்டர் போனால், யூட்டா மாநில எல்லையைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு கிளைச்சாலை இறங்குகிறது. அதன் முடிவில் பவல் ஏரியின் மணற்கரை. கொலராடோ ஆற்றின் குறுக்கே 216 மீட்டர் உயரத்தில் கட்டிய கிளென் கேன்யன் அணை தேக்கிவைத்த நீர் இது. நடுவில் ஒற்றைப் பாறை ஒன்று நிற்பதால் இடத்துக்கு லோன் ராக் என்று பெயர். ஏரி நீர் குறைந்த ஆண்டுகளில் அந்தப் பாறைவரை நடந்தே போகலாம். முன்பு நீர் நின்ற உயரம், சுற்றியுள்ள செம்பாறைகளில் வெள்ளைக் கோடாகப் பதிந்திருக்கிறது.

மின்சார இணைப்பு கிடையாது. வண்டிக்குத் தண்ணீர் இணைப்பும் இல்லை. வண்டியை மணல் இறுகிய இடமாகப் பார்த்து நிறுத்தி, அதற்குள்ளேயே தூங்க வேண்டியதுதான். அக்டோபரில் நாங்கள் அப்படித்தான் இரண்டு இரவு தங்கினோம். அக்காள், அத்தான், அவர்களின் இரு பிள்ளைகள், கோலாலம்பூரிலிருந்து போயிருந்த அப்பா, நான். ஆறு பேர் ஒரே வண்டியில் எப்படி என்று கேட்பீர்கள். அதற்குத்தான் அந்த நீளும் அறை.

நம் ஊரில் மோட்டார் ஹோம் அரிது. பேருந்து அளவிலான வண்டிக்குள் அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் இருக்கும். ஓடும்போது அகலம் போதாது. நிறுத்தியதும் ஒரு பொத்தானை அழுத்தினால், பக்கச் சுவரின் ஒரு துண்டு சோபாவோடும் சாப்பாட்டு மேசையோடும் சேர்ந்து ஒரு மீட்டர் அளவுக்கு வெளியே நகரும். இண்டியானா மாநிலத்தின் நியூமர் நிறுவனம் 1990இல் இதை மோட்டார் ஹோமில் கொண்டுவந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் பிடித்துக்கொண்டன. அத்தானுடையது வேறு நிறுவனத்தின் பழைய வண்டி. அறையை நகர்த்துவது ஹைட்ராலிக்: 12 வோல்ட் மோட்டார் ஒரு பம்பைச் சுழற்ற, பம்பு எண்ணெயைத் தள்ள, சிலிண்டர் தண்டு அறையைத் தள்ளும்.

மூன்றாம் நாள் காலை பொத்தானை அழுத்தினோம். பம்பு முனகியது. அறை அசையவில்லை.

வெளியே நீண்ட அறையோடு வண்டியை எடுக்க முடியாது. எதிரே வருபவனின் பக்கக் கண்ணாடியோடு நம் சோபாவும் போய்விடும். அன்றிரவு ஒன்பதரைக்கு ஃபீனிக்ஸிலிருந்து அப்பாவுக்கும் எனக்கும் விமானம். இடையில் 450 கிலோமீட்டருக்கு மேல் சாலை. கைப்பேசி காலை ஒன்பது என்றது. ஒரே ஓர் ஆறுதல்: யூட்டாவில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், பெரும்பாலான அரிசோனாவில் தள்ளுவதில்லை. எல்லையைத் தாண்டினால் மணி எட்டுதான்.

பழுது பார்ப்பவரை அத்தான் அழைத்தார். மறுநாள்தான் வர முடியுமாம்.

அப்பா இந்தப் பயணம் முழுக்க ஜன்னலோரம் அமர்ந்து, காட்டியதைப் பார்த்து, கொடுத்ததைச் சாப்பிட்டு வந்தவர். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் 30 ஆண்டுகள் டிராக்டருக்கும் பேக்ஹோவுக்கும் மருத்துவம் பார்த்தவரும்கூட. அவர் எழுந்து சட்டைக் கையை மடித்தார். “மாப்பிள்ளை, இன்னொரு தரம் அழுத்துங்க. பேசாம கேட்போம்.”

எனக்கும் பிழைப்பு காதில்தான். ஆனாலும் எனக்கு அது வெறும் இரைச்சல். அவருக்கு அதில் செய்தி இருந்தது. பம்பு லேசாக, சுமையில்லாமல் ஓடினால் எண்ணெய் இல்லை, அல்லது காற்று புகுந்துவிட்டது. கனத்து முனகினால் அழுத்தம் ஏறுகிறது, வழி அடைத்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், வயர், ரிலே என்று பார்க்க வேண்டும். இது இரண்டாவது வகை மாதிரி இருக்கிறது, ஆனால் மோட்டார் பலவீனமாகவும் கேட்கிறது, முதலில் பேட்டரியைப் பாருங்கள் என்றார்.

மீட்டர் 11.6 காட்டியது. நிறைந்த பேட்டரி 12.6 காட்ட வேண்டும். இரவெல்லாம் குளிருக்கு ஹீட்டரின் காற்றாடி ஓடியதில் வடிந்துவிட்டது. அத்தான் கைபிரேக்கைச் சரிபார்த்து என்ஜினை ஓடவிட்டார். கைபிரேக் போடாவிட்டால் அவர் வண்டியில் அறைப் பொத்தானுக்கு மின்சாரமே போகாது. இது வண்டிக்கு வண்டி மாறும். மீட்டர் 13.5ஐத் தாண்டியது. பம்பு இப்போது கம்பீரமாக முனகியது. அறை அப்போதும் நகரவில்லை.

எண்ணெய்த் தொட்டியில் அளவு குறைவாகத் தெரிந்தது. சிவப்பு எண்ணெய், ஆட்டோ கியர் கார்களுக்கு ஊற்றுவதேதான். அத்தான் புட்டியைத் திறக்கப் போக, அப்பா தடுத்தார். சிலிண்டர் நீண்டிருக்கும்போது எண்ணெய் அதற்குள் போய்த் தொட்டி இறங்கித்தான் இருக்கும். இப்போது நிரப்பினால், அறை உள்ளே வரும்போது அவ்வளவும் திரும்பி வந்து வழியும். அளவு பார்ப்பதென்றால் அறை உள்ளே இருக்கும்போது பார்க்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பிள்ளை குழாயைத் தடவப் போனதற்கு மட்டும் அதட்டினார். அழுத்தத்தில் ஊசி போலப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே இழந்தவர்கள் உண்டு. அட்டையை நீட்டிப் பார்த்தோம். கசிவில்லை.

“இதே பம்புதானே ஜாக்கையும் தூக்குது? ஒண்ண அரை அங்குலம் இறக்குங்க.”

இறங்கியது. எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஜாக் அசைந்தால் பம்பும் எண்ணெயும் நலம். ஆக, அறைக்கென்று இருக்கும் வால்வில்தான் கோளாறு. ஒரே அசைவில் பாதிச் சந்தேகங்கள் கழிந்தன.

வால்வைத் திறப்பது ஒரு மின்காந்தச் சுருள். அதற்குப் போகும் இரு வயரிலும் சோதனை விளக்கை மாட்டி அக்காள் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, மின்சாரம் வருகிறது. வயரைத் திரும்பச் செருகி, சுருளின் தலைக்கருகே ஸ்குரூ டிரைவர் முனையைப் பிடித்தார் அப்பா. வேலை செய்யும் சுருள் ‘டக்’கென்று இழுக்கும். பக்கத்து வால்வு இழுத்தது. இது இழுக்கவில்லை. சுருள் செத்துவிட்டது.

நல்ல வேளை, அந்த வால்வைக் கையால் திறக்க ஒரு திருகு இருந்தது. அத்தானின் கையேட்டில் படமும் இருந்தது. அறுகோணச் சாவியால் திறந்தோம். பிள்ளைகளைத் தூரத் துரத்தி, அறைக்கும் சுவருக்கும் நடுவே யார் கையும் இல்லையென்று இரு பக்கமும் ஆள் நிறுத்தி, கூரையில் படிந்த மணலைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, அத்தான் பொத்தானை அழுத்தினார். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள அறை, சோபாவில் மறந்து விட்ட அக்காளின் போர்வையோடு மெதுவாக உள்ளே வந்தது. கைதட்டல் அடங்குமுன் அப்பா திருகை இறுக்கி மூடினார். திறந்தே விட்டால் ஓட்டத்தில் அறை தானாக வெளியே ஊர்ந்துவிடும். முழுக்க நம்பாமல், உள்ளிருந்து ஒரு மரக்கட்டையையும் முட்டுக்கொடுத்தார்.

பேஜ் ஊரில் பெட்ரோல் போடும்போது மணி ஒன்பதரை. ஃபிளாக்ஸ்டாஃப் ஊசியிலைக் காடு, பிறகு ஆளுயரக் கள்ளிகள் என்று நிலம் மாறிக்கொண்டே இறங்கியது. அப்பா முன் இருக்கையில், அத்தானுக்குப் பக்கத்தில். இருவரும் ஃபீனிக்ஸ்வரை ஹைட்ராலிக் பேசினார்கள். பின்னால் நாங்கள் தூங்கிவிட்டோம்.

சுருளை மாற்றியாயிற்று என்று அத்தான் போன வாரம் படம் அனுப்பியிருந்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு குரல் பதிவில் கேட்டார்: “எண்ணெய் அளவு பார்த்தீங்களா மாப்பிள்ளை, அறைய உள்ள விட்டு?”